பள்ளிக் குடிலில் தக்காளி நாற்று

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் வட்டார விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



குழித்தட்டில் காய்கறி நாற்று வளர்க்கும் முறையைப் பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். இது ஒன்றும் உங்களுக்குக் கேள்விப்படாத விஷயம் இல்லை. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் இன்று தக்காளி, மிளகாய் வைக்கிறவர்களில் பலர் தட்டு நாற்றைத்தான் விலைக்கு வாங்கி நடுகிறார்கள். ஆனால் அந்த நாற்று எப்படி உருவாகிறது, எந்த இடத்தில் கெட்டுப்போகிறது என்பதை வாங்குகிறவரும் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு அது தெரிந்த விதம் கொஞ்சம் வெட்கப்படத்தக்கது. இருந்தாலும் சொல்லுகிறேன்.

நமது மாநிலத்தில் 1978-ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்பிரிவும் வந்தது. அதில் வேளாண்மையும் ஒரு பாடம். அப்படி வேளாண் பிரிவு உள்ள ஒரு பள்ளிக்கூடம் என் வட்டாரத்திலே இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு அந்தப் பள்ளி வளாகத்தில் இரண்டு சென்ட் அளவுக்கு ஒரு நிழல்வலைக் குடில் போட்டார்கள். "சார், நீங்க வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து பிள்ளைகளுக்குச் செய்முறை சொல்லிக் கொடுங்க" என்று ஆசிரியர் கேட்டார். நானும் பட்டம் வாங்கியவன்தானே, இதில் என்ன இருக்கிறது என்று ஒத்துக்கொண்டேன்.

முதல் நாளே ஒரு பையன் மடக்கினான். பசுமைக்குடில் என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, வெயில் உள்ளே வரும், உள்ளே உண்டான சூடு வெளியே போகாது, அதனால் குளிர்காலத்திலும் பயிர் வளரும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் எழுந்து, "சார், நமக்கு ஏற்கெனவே வெக்கை தாங்கல. இன்னும் எதுக்கு சார் சூடு?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். பதில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

அந்தப் பதிலை இப்போது சொல்லிவிடுகிறேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய பஸ்ஸுக்குள் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். அதே கதைதான் பாலித்தீன் குடிலிலும். குளிர் நாடுகளில் அந்தச் சூடு வரம். நமது நாட்டிலேயே லடாக்கில், குளிர்காலத்தில் தண்ணீர் கல்லாக உறைந்துபோகிற லே பகுதியில், பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக்கூடத்தார் இப்படிப்பட்ட குடில்களில் படைவீரர்களுக்காகக் காய்கறி வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் திண்டுக்கல் சமவெளியில் சித்திரை மாதம் பாலித்தீன் குடிலை மூடி வைத்தால் செடி வெந்துபோகும். ஆகவே நமக்குக் குடில் எதற்கென்றால் வெயிலைப் பாதியாகக் குறைக்க, மழை அடியிலிருந்து இளஞ்செடியைக் காக்க, எல்லாவற்றுக்கும் மேலாகப் பூச்சியை வெளியே நிறுத்த. வத்தலக்குண்டுப் பக்கத்துக் கொடிக்கால்காரருக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. அகத்தியை நட்டு, அந்த நிழலில் வெற்றிலையை ஏற்றிவிடுகிறாரே, அதுவும் ஒரு நிழல்குடில்தான். அகத்திக்குப் பதிலாக நாம் வலை கட்டுகிறோம்.

இனி நடந்ததைச் சொல்லுகிறேன்.

வேளாண் பிரிவில் படித்த ஒரு பெண்ணின் தகப்பனார் எங்களைத் தேடி வந்தார். ஒரு ஏக்கர் தக்காளி போடப் போகிறார். புரட்டாசியில் நடவு. நிலத்தை உழுது, தொழு உரம் அடித்து, சொட்டுநீர்க் குழாயும் இழுத்துவிட்டார். "வெளியில நாத்து வாங்குறதுக்கு நம்ம பிள்ளைக வளக்கட்டும் சார், நான் விதை வாங்கித் தர்றேன்" என்று சொல்லி, பத்து கிராம் வீரிய ஒட்டு விதை பாக்கெட் நான்கு வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம். எனக்கும்தான்.

ஒரு ஏக்கருக்கு இணைவரிசை நடவில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் நாற்று வேண்டும். 98 குழி உள்ள தட்டு என்றால் 95 தட்டு. நாங்கள் 100 தட்டு நிரப்பினோம். ஆகஸ்டு 26, திங்கட்கிழமை விதைத்தோம். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் தாளால் மூடினோம். முளைக்கும் வரையில் ஈரமும் கதகதப்பும் அப்படியே இருப்பதற்காக இவ்வாறு செய்வது வழக்கம். ஆறு நாள் கழித்துப் பிரிக்க வேண்டும் என்று என் கையில் இருந்த குறிப்பில் போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை போனபோது மேல்தட்டைத் தூக்கிப் பார்த்தேன். முளை தெரியவில்லை. மூடிவிட்டு வந்துவிட்டேன். ஆறாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி. மூன்று நாளும் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை தாளை விலக்கியபோது நாற்று எல்லாம் நூல்நூலாக நீண்டு, வெளிறிப்போய், மேல்தட்டின் அடியில் முட்டி மடங்கிக் கிடந்தது. மேல்தட்டு மட்டும் ஒழுங்காக இருந்தது. அடுக்கின் நடுவில் சூடு அதிகம். ஆகையால் அங்கே விதை முந்திக்கொண்டு முளைத்திருக்கிறது. நான் பார்த்ததோ மேலே இருந்த ஒரே ஒரு தட்டை.

அதோடு விட்டிருந்தால்கூடக் கொஞ்சம் தேறியிருக்கும். பிள்ளைகளுக்கு மனசு கேட்கவில்லை. வாடின மாதிரி இருக்கிறதே என்று காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் ஊற்றினார்கள். நானும் தடுக்கவில்லை. ஐந்தாறு நாளில் நாற்றழுகல் வந்துவிட்டது. தண்டு மண்மட்டத்தில் கறுத்து இற்று, செடி அப்படியே சாய்ந்துவிடும். ஒரு தட்டில் நான்கு செடி சாய்ந்தால் மறுநாள் நாற்பது சாயும். மீதியிருந்தவையும் வளராமல் மஞ்சள் பூத்து நின்றன. அதற்குக் காரணம் வேறு. பின்னால் சொல்லுகிறேன். கடைசியில் நூறு தட்டில் முப்பது தட்டு நாற்றுக்கூடத் தேறவில்லை.

அந்தத் தகப்பனாரிடம் போய்ச் சொல்ல வேண்டியது என் கடமை. போனேன். பார் கட்டிக் காத்துக்கிடந்த நிலத்தின் வரப்பில் நின்றுதான் சொன்னேன். விதைக்கான பணத்தை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "ஒங்க மேல கோவமில்லீங்க சார். படிச்சவுங்க சொல்லிக் குடுக்குறாங்க, பிள்ளைக செய்யுதுகன்னுதான் குடுத்தேன். ஆனா இன்னொருத்தருக்குச் செய்யறதுக்கு முந்தி, நீங்க ஒருக்காப் போய்க் கத்துக்கிட்டு வந்துருங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

வெளி நாற்றுப் பண்ணையில் உடனே நாற்றுக் கிடைக்காது. 25 நாளுக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும். அவருக்கு நாற்று வந்து சேர்ந்தபோது ஐப்பசி பிறந்துவிட்டது. நட்ட கையோடு மழை பிடித்துக்கொண்டது. போக்கு நட்டு ஒப்பேற்றினார். மற்றவர்கள் மூன்று நான்கு பறிப்பு முடித்த பிறகு இவர் முதல் கூடையைச் சந்தைக்கு ஏற்றினார். அதற்குள் விலை இறங்கிவிட்டது. அந்தப் பெண் குடில் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். வகுப்பில் என்னைப் பார்க்கமாட்டாள்.

பெருமக்களே, நான் அவர் சொன்னபடியே செய்தேன். தாராபுரம் சாலையில் உள்ள ஒரு நாற்றுப் பண்ணைக்கு அந்த ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் சனிக்கிழமை தோறும் போனேன். அதிகாரி என்று நாற்காலி போட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தட்டு நிரப்புகிற பெண்களோடு உட்கார்ந்துகொண்டேன். அங்கே வேலையைப் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். எட்டாவது வரையில் படித்தவர். எந்தத் தட்டு எந்தத் தேதியில் விதைத்தது, எப்போது பிரித்தது, எத்தனை குழி போக்கு என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறார். எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு நோட்டு இருக்கவில்லை.

நான் பையில் கொண்டுபோயிருந்த எங்கள் நார்த்தூளை ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்தார். "இது கயித்துப் பட்டறைத் தூளுங்களா சார்? கழுவுனீங்களா?" என்று கேட்டார். நாங்கள் கழுவவில்லை. பச்சைத் தென்னை நார்க்கழிவில் உப்பும் துவர்ப்புச் சத்தும் இருக்கும். இளவேருக்கு அது ஆகாது. நாற்று மஞ்சள் பூத்ததற்குக் காரணம் அதுவே. தொட்டியில் ஊறப்போட்டு வடித்துவிட்டு, மறுபடி தண்ணீர் விட வேண்டும். முதல் தண்ணீர் கறுப்பு டீ மாதிரி வரும். மூன்று நான்கு முறை கழுவித் தண்ணீர் தெளிந்து வரும் வரையில் விடக்கூடாது. கட்டியாக விற்கிற கோகோ பீட்டிலும் கழுவியது, கழுவாதது என்று இரண்டு உண்டு. கேட்டு வாங்க வேண்டும். உங்கள் கிணற்றுத் தண்ணீரே உப்பாக இருந்தால் எத்தனை தரம் கழுவியும் பயனில்லை. மழைத்தண்ணீரோ நல்ல தண்ணீரோதான் வேண்டும்.

கழுவிய தூளில் 300 கிலோவுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஒவ்வொன்றும் ஒரு கிலோ கலக்குவது பல்கலைக்கழகப் பரிந்துரை. இது எனக்கு முன்பே தெரியும். தெரியாதது, ஈரம் எவ்வளவு என்பது. கலந்த தூளை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் விரல் இடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு நிற்க வேண்டும். ஒழுகினால் அதிகம். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் போதாது. தட்டில் நிரப்பும்போது கட்டைவிரலால் அழுத்தக் கூடாது. தட்டைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, இறங்கின இடத்தை நிரப்பினால் போதும். அழுத்தி நிரப்பினால் தண்ணீர் வடியாது, வேரும் இறங்காது. ஒரு தட்டுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ பிடிக்கும். நிரப்பிய தட்டுகளில் பத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்து லேசாக அமுக்கினால், ஒவ்வொரு குழியிலும் விதை போட அரை சென்டிமீட்டர் பள்ளம் தானாக விழுந்துவிடும். எங்கள் பிள்ளைகள் குச்சியால் குத்தினார்கள். ஒரு குழி ஆழம், ஒரு குழி மேலாக. அதனால் முளைப்பும் முன்னே பின்னே ஆனது.

விதை நேர்த்தியைப் பற்றி ஒரு வார்த்தை. சொந்த விதையாக இருந்தால் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் என்ற கணக்கில் கலந்து விதைக்கலாம். கடையில் வாங்கும் ஒட்டு விதை சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசியிருந்தால் அதில் ஏற்கெனவே மருந்து சேர்த்திருக்கிறார்கள். அதன்மேல் உயிர் மருந்தைக் கலப்பது வீண். விதைத்த கையைக் கழுவாமல் வெற்றிலை போடுகிறவர்களும் உண்டு. அதையும் சொல்லி வைக்கிறேன்.

அடுக்கிப் பிரிக்கிற கதைக்கு வருகிறேன். "ஆறு நாளுன்னு யாரு சொன்னது?" என்றார் அந்த அம்மா. மூன்றாம் நாள் காலையிலிருந்து அடுக்கின் நடுத்தட்டை உருவிப் பார்க்க வேண்டும். நாற்று முளைக்கும்போது முதலில் தலையைக் காட்டாது. வளைந்த தண்டுதான் கொக்கி மாதிரி மேலே வரும். தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொக்கி தெரிந்தால் உடனே பிரித்துப் பரப்பிவிட வேண்டும். வெயில் காலத்தில் தக்காளிக்கு அது நான்கு நாளாகவும் இருக்கும், மழைக்காலத்தில் ஆறு நாளாகவும் இருக்கும். மிளகாயும் கத்தரியும் இன்னும் தாமதிக்கும். நான் பள்ளிக்கூட விடுமுறைக் கதையைச் சொன்னேன். அவர் கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை. "நாத்துக்கு ஞாயித்துக்கெழம தெரியுங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

தண்ணீர் ஊற்றுவதில் எனக்குக் கணக்கு ஒன்று தேவைப்பட்டது. ஒரு தட்டுக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டேன். அவர் ஒரு தட்டின் மூலையை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, என்னையும் தூக்கச் சொன்னார். தண்ணீர் விட்ட தட்டு கனக்கும். காய்ந்த தட்டு எழும்பி வந்துவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நாலு சனிக்கிழமைக்குப் பிறகுதான் என் விரலுக்குப் பிடிபட்டது. காலையில் ஊற்ற வேண்டும். சாயங்காலத்துக்குள் இலை காய்ந்துவிட வேண்டும். மூட்டமான நாளில் ஊற்றவே வேண்டியதில்லை. வரிசையின் ஓரத் தட்டுகள் காற்றுப் பட்டுச் சீக்கிரம் காயும். அவற்றுக்குக் கூடுதலாக ஒரு பிடி. எல்லாத் தட்டுக்கும் ஒரே அளவு ஊற்றினால் நடுத்தட்டு அழுகும், ஓரத்தட்டு வாடும். 18-ஆம் நாள் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து ஊற்றலாம். அதற்கு முன்னால் உரம் தேடிப் போக வேண்டாம்.

நாற்றழுகல் தலைகாட்டினால் முதல் வேலை தண்ணீரை நிறுத்துவது. இரண்டாவது, அந்தத் தட்டைத் தூக்கித் தனியாக வைப்பது. அதற்குப் பிறகுதான் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு இரண்டரை கிராம் கரைத்து ஊற்றுவது. நம்மில் பலர் மூன்றாவதை மட்டும் செய்துவிட்டு மருந்தைக் குறை சொல்லுகிறோம். பழைய தட்டை மறுபடி பயன்படுத்துமுன் சோப்புத் தண்ணீரில் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலில் முக்கிக் காயவைக்க வேண்டும். போன நாற்றின் நோய் அந்தக் குழியின் மூலையிலேயே குந்தியிருக்கும்.

குடிலின் வலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே 50 சதவீத நிழல்வலை. அதற்கு மேல் அடர்த்தி வேண்டாம், நாற்று நெட்டையாகிவிடும். பக்கவாட்டில் 40 கண் நைலான் வலை, முடிந்தால் 50 கண். இது வெள்ளை ஈக்காக. தக்காளியில் இலைச்சுருள் வைரஸைச் சுமந்து வருவது அந்த ஈதான். நாற்றிலேயே தொற்றிவிட்டால் நட்ட செடி குருத்துச் சுருங்கி மலடாக நிற்கும். பிறகு எந்த மருந்தும் கேட்காது. ஆகவே வாசலுக்கு இரண்டு கதவு வைத்து, ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்க வேண்டும். கோடிக்கணக்கில் செலவழித்த குடில்களிலேயே கதவைக் கல் வைத்துத் திறந்து போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு வலை கட்டாமலே இருந்திருக்கலாம்.

பூச்சி புகாத குடிலுக்குள் தேனீயும் புகாது. இதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நாற்றுக் கெட்டுப்போன பிறகு குடில் சும்மா கிடக்கிறதே என்று நாட்டு வெள்ளரி விதையை ஊன்றினோம். கொடி தளதளவென்று வந்தது. பூ கொள்ளையாகப் பூத்தது. காய் ஒன்றுகூட நிற்கவில்லை. பிஞ்சு எல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. வெள்ளரியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இங்கிருந்து அங்கே மகரந்தத்தை எடுத்துப்போக ஈயோ தேனீயோ வேண்டும். குடிலுக்கென்று மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கிற விதையில்லா வெள்ளரி இரகங்கள் தனியாக இருக்கின்றன. அவற்றைத்தான் போட வேண்டும். தக்காளியில் ஒரே பூவில் இரண்டும் உண்டு, ஆனாலும் காற்று அசைக்க வேண்டும். வெளிநாட்டுக் குடில்களில் இதற்காக ஒருவகைப் பெரிய தேனீயைப் பெட்டியில் வைத்து வளர்க்கிறார்கள். நாம் கம்பியைத் தட்டி ஆட்டிவிடலாம்.

2020 ஜனவரியில் மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இந்தத் தடவை யாருடைய ஏக்கரையும் நம்பி வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் விதைத்தோம். அப்படியானால் மூன்றாம் நாள் திங்கட்கிழமையில் வந்து விழும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு உள்ள நான்கு பிள்ளைகள் ஞாயிறு முறை எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு தட்டு, அதில் அவரவர் பெயர், ஆளுக்கு ஒரு நோட்டு.

அதோடு கூட ஐந்து தட்டுகளைத் தனியாக வைத்தேன். ஒன்றில் கழுவாத தூள். ஒன்றுக்கு இரண்டு வேளையும் தண்ணீர். ஒன்றைக் கொக்கி தெரிந்த பிறகும் இரண்டு நாள் மூடியே வைத்தோம். ஒன்றின்மேல் இரட்டை வலை. ஐந்தாவது ஒழுங்கான தட்டு. கெட்டுப்போவதற்கென்றே பி.கே.எம்.1 விதையைப் போட்டோம். நம்ம பெரியகுளத்து இரகம், விலை குறைவு. என் செலவு. தட்டு கெடக் கெட என்ன ஆகிறது என்று தினமும் படம் வரைந்து எழுதச் சொன்னேன். இந்த ஐந்து தட்டையும் பார்த்துக்கொள்ள யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது, அந்தப் பெண் எழுந்து நின்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் அவளுடைய தகப்பனார் வந்தார். ஐந்து தட்டையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனவர், மஞ்சள் பூத்த தட்டின் முன் நின்றார். ஒரு நாற்றை உருவி வேரைப் பார்த்தார். பழுப்பாக, குட்டையாக இருந்தது. ஒழுங்கான தட்டில் இருந்து ஒன்றை உருவினார். வெள்ளை வேர் தூளை அப்படியே கவ்விக்கொண்டு குழியின் வடிவத்தில் கட்டியாக வந்தது. "போன தடவை நம்மளுது இதுங்களா?" என்று மஞ்சள் தட்டைக் காட்டி மகளிடம் கேட்டார். அவள், "அதோட இதுவும், இதுவும்" என்று இன்னும் இரண்டைக் காட்டினாள்.

நீங்கள் நாற்று வாங்கப் போனாலும் இதையே செய்யுங்கள். ஓரத்துத் தட்டில் ஒன்று, நடுத்தட்டில் ஒன்று உருவிப் பாருங்கள். தக்காளி நாற்று 25 நாளில் தயாராகும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் 30 முதல் 35 நாள் கேட்கும். வயது முற்றிப்போய் வேர் குழிக்குள்ளேயே சுற்றிக் கயிறு திரித்திருந்தால் வாங்க வேண்டாம், நட்ட பிறகு பிடிக்காது. நாற்று உயரமாக இருக்கிறதே என்று மகிழ்ச்சிப்படவும் வேண்டாம். குட்டையாக, தண்டு தடித்து, இலை கரும்பச்சையாக இருப்பதே தேறும். கடைசி நான்கைந்து நாள் வலைக்கு வெளியே வைத்து, தண்ணீரைக் குறைத்து வெயிலுக்குப் பழக்கினார்களா என்று கேளுங்கள். நிழலிலிருந்து நேரே வயலுக்கு வந்த நாற்று முதல் வெயிலிலேயே துவண்டுவிடும்.

அந்த மார்ச்சில் கொரோனாவினால் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். குடிலும் பூட்டப்பட்டது. அந்தப் பெண் இருபது பழைய தட்டுகளை ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். வீட்டுப் புழக்கடையில் நான்கு சவுக்குக் கம்பு நட்டு, மேலே வலைத் துண்டு கட்டி, பக்கத்தில் பழைய நைலான் கொசுவலையைச் சுற்றி மிளகாய் நாற்று விட்டாள். எனக்குப் போனில் சொன்னாள். போய்ப் பார்க்க ஜூலை ஆகிவிட்டது. முழுவதும் சரியாக வரவில்லை. மிளகாய் முளைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதை மறந்து, பயத்தில் நான்காம் நாளே அடுக்கைப் பிரித்திருக்கிறாள். காய்ந்துபோய்ப் பல குழி போக்கு. ஆனாலும் இருபது தட்டில் பன்னிரண்டு தட்டு அளவுக்கு நாற்று வந்து, வயலில் நின்றது. நோட்டிலும் எழுதி வைத்திருந்தாள்: "4-ஆம் நாள் பிரித்தது. தப்பு."

இதையெல்லாம் கேட்டுவிட்டு, எல்லோரும் குடில் போடுங்கள் என்று நான் சொல்ல வந்ததாக நினைக்க வேண்டாம். பத்து சென்ட் கத்தரி, வீட்டு விதையில் போடுகிறவருக்குத் தட்டே தேவையில்லை. மேட்டுப்பாத்தியில் வரிசையாக விதைத்து, வளைத்த மூங்கில் பிளாச்சின்மேல் நைலான் வலையைப் போர்த்திவிட்டால் போதும், வெள்ளை ஈ வராது. விலை கூடிய ஒட்டு விதை வாங்குகிறவருக்குத் தட்டு லாபம். குழிக்கு ஒரு விதை, வீணாவதில்லை, பிடுங்கும்போது வேரும் அறுவதில்லை. மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு சிறிய குடில் போட்டுக்கொள்ளலாம். நாள் தவறாமல் பார்க்க அதில் ஒருவராவது வீட்டோடு இருக்கிறவராக இருக்க வேண்டும். பெரிய பாலித்தீன் குடில் போட்டுக் கலர் குடைமிளகாய் வளர்க்கப் போகிறேன் என்று வருகிற தம்பிமார்களிடம் நான் முதலில் கேட்பது, காயை எங்கே விற்கப் போகிறாய் என்றுதான். அதற்குப் பதில் இல்லாதபோது மானியம் கிடைக்கிறதே என்பதற்காகக் கடன் வாங்கக் கூடாது. மேலே போர்த்துகிற 200 மைக்ரான் தாள் சில ஆண்டுகளில் நைந்துவிடும், மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

மானியம் எவ்வளவு, எத்தனை சதுர மீட்டருக்கு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரெட்டியார்சத்திரத்தில் இஸ்ரேல் நாட்டு ஒத்துழைப்போடு அமைந்த காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. குடிலும் குழித்தட்டும் அங்கே கண்ணால் பார்க்கலாம். பார்க்கப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே வேலை செய்கிறவர்களிடம் ஒரு தட்டின் மூலையைத் தூக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். தண்ணீர் விடுவதற்கு முன்னால் ஒரு முறை, விட்ட பிறகு ஒரு முறை.